அரை வாட்

பதினோராம் எண் டிராமை டிப்போவில் நிறுத்திவிட்டு
கையுறையைக் கழற்றாமலே கடைக்குள் நுழைந்தேன்.
"எந்த மாதிரிச் சத்தம் வேணும்?" என்றார் யெரேமி.
சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக வந்திருக்கிறேன் என்று
சொல்ல வெட்கமாக இருந்தது.

வூச் எங்கள் ஊர். படகு என்று பொருள்.
ஆறுகளைத் தெருவுக்கு அடியில் குழாயில் அடைத்துவிட்டார்கள்.
எங்கள் அடுக்ககத்தில் சுவரும் அப்படித்தான்,
பெயரளவில்.
நாலாவது மாடியில் நான் ஒரு தந்தியைத் தொட்டால்
ஐந்தாவதில் லுபோமிராவின் பூனை எழுந்துகொள்ளும்.
பிறகு வெந்நீர்க் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு.

சனிக்கிழமை நிலவறை மதுக்கடையில்
டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து க்ஸாவெரி கத்துவான்:
"கேட்கல போகுஷா, ஒண்ணும் கேட்கல!"
மத்தளத்துக்கு மட்டுமா
இரண்டு பக்கமும் இடி?

"இதுக்குள்ள நாற்பது ஆம்ப் இருக்கு."
தர்பூசணி வாங்குகிறவர் போலப் பெட்டியைத் தட்டினார் யெரேமி.
குமிழைத் திருப்பினால் வேறு நாடு,
இன்னும் திருப்பினால் வேறு பத்தாண்டு.
யாரோ எங்கோ வால்வு சிவக்கச் சிவக்க வாசித்ததை
அளந்து, கணக்காக்கி,
சில்லுக்குள் ஊற்றியிருக்கிறார்கள்.
பின்பக்கம் ஒரு சின்ன விசை:
ஐம்பது வாட். இருபத்தைந்து.
அப்புறம், பொடி எழுத்தில், அரை.

நாற்பதையும் கேட்டேன்.
இல்லை, பன்னிரண்டைக் கேட்டேன்.
பன்னிரண்டிலும் நானேதான் இருந்தேன்,
அதே மோதிர விரல், அதே தாமதம்.

வீட்டிலிருக்கும் பழைய ஆம்ப் இருபத்திரண்டு கிலோ.
அது லிஃப்ட் ஓடுகிற நாளின் எடை.
மழை பெய்தால் அதற்குள் டாக்சி அலுவலகம் பேசும்:
"ரயில் நிலையம், இரண்டு பேர், ஒரு நாய்."
சோகமான பாட்டின் நடுவே
ஒரு நாய் டாக்சிக்குக் காத்திருக்கும்.
"அந்த வசதி இதில் உண்டா?"
யெரேமி திரையில் தேடினார், உண்மையாகவே தேடினார்.
"அடுத்த பதிப்புல வரலாம்."

பெரியதற்கு இரண்டு ஸ்பீக்கர், கால்பெடல் இலவசம்.
சின்னதற்கு ஒன்று. பெடலுக்குத் தனிக்காசு.
சின்னதைத் தூக்கிக்கொண்டு
பியானோக்களைச் சுற்றி ஒரு நடை போனேன்.
முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.
காதால் வாங்குங்கள் என்று சுவரில் எழுதியிருந்தது.
நான் முழங்காலால் வாங்கினேன்.

அன்றிரவு அரை வாட்.
கொசுவின் அளவுதான் சத்தம்,
ஆனால் இடிமுழக்கத்தின் கோபம் முழுவதும் அந்தக் கொசுவுக்கு இருந்தது.
குழாய் பேசவில்லை. பத்து நிமிடம். இருபது.
தட்டு விழுமோ விழுமோ என்று
காது கொடுத்தே தாளம் தவறினேன்.

சனிக்கிழமை முப்பத்தொரு பேர், அதில் ஒருவர் தூக்கத்தில்.
ஐம்பதுக்கு ஏற்றினேன்.
க்ஸாவெரி தலையசைத்தான். அவனுக்கு அது நீண்ட பாராட்டுரை.
மூன்றாவது ஒரு வால்ஸ்.
மணநாள் கொண்டாட வந்த வயதான இருவர் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள்.
இசையைக் கொஞ்சம் நனைக்கலாம் என்று பெடலைத் தேடினேன்.
பனிக்காலணி தடிமன்.
இரண்டை மிதிக்கப் போய் மூன்றை மிதித்தேன்.

மர அறுவை ஆலை ஒன்று வாய் திறந்தது.
தூங்கியவர் விழித்தார்.
ஆட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.
அந்த மனிதர் மனைவியின் கையை உயர்த்தி
ஒரே சுற்றாகச் சுழற்றிவிட்டார்,
இதற்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவர் போல.
நான் காலை எடுக்கவில்லை.

கடைசி டிராமில் பயணியாக,
பெட்டி மடியில், இன்னும் இளஞ்சூடாக.
எந்தத் திருப்பத்தில் குலுங்கும் என்று தெரியும்,
குலுங்குவதற்கு முன்பே இறுக்கிக்கொண்டேன்.
கண்ணாடியில் பார்த்து ரட்ஸிமிர் கேட்டான்,
"என்னது, தையல் மெஷினா?"

"நாற்பது" என்றேன்.